லாக் போனால் லைசென்ஸும் போய்விடுமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் டி.டி.பி. சென்டர் நடத்தும் 54 வயது வாசகி எழுதுகிறார். 2003இல் அவருடைய கணவர் 18,500 ரூபாய் கொடுத்துத் தமிழ் டைப்செட்டிங் மென்பொருள் ஒன்றை வாங்கினார். அதனுடன் ஒரு ஹார்டுவேர் லாக் வந்தது. கணினிக்குப் பின்னால், பிரிண்டர் கேபிள் மாட்டும் இடத்தில் அதைச் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் கணவர் காலமாகிவிட்டார். அன்று முதல் கடையை இவர்தான் பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ், உள்ளூர்ப் புலவர்கள் சிலரின் கவிதைத் தொகுப்புகள் என்று இருபது வருட வேலை முழுக்க அந்த ஒரே கணினியில் இருக்கிறது.

கடந்த மே மாதம் கணினியிலிருந்து புகை வந்து நின்றுவிட்டது. கொழுந்தனார் மகன் விண்டோஸ் 11 போட்ட புதுக் கணினி வாங்கிக் கொடுத்தான். அதில் லாக் செருக இடமே இல்லை. 400 ரூபாய்க்கு யு.எஸ்.பி. கேபிள் வாங்கி மாட்டியும் ‘லாக் இல்லை’ என்றே செய்தி வருகிறது. விற்ற நிறுவனத்தின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. பழுது பார்க்க வந்த தம்பி, “3,500 ரூபா குடுங்கக்கா, கிராக் பண்ணி, புது வெர்ஷனே போட்டுத் தர்றேன். கம்பெனியே இல்ல, யாரு கேக்கப் போறா?” என்கிறார். எதிர்க்கடை அச்சகத்துக்காரர் பாதிச் செலவைத் தான் ஏற்பதாகவும், தனக்கும் ஒரு காப்பி வேண்டும் என்றும் சொல்கிறார். கொழுந்தனார் மகனோ, “லாக்கை உடைச்சா மூணு வருஷம் ஜெயில், பெரியம்மா” என்று பயமுறுத்துகிறான். “முறையாகக் காசு கொடுத்து வாங்கிய பொருள் இது. நான் திருடியா?” என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள அம்மா,

இல்லை. நீங்கள் திருடி இல்லை. அந்தத் தம்பி சொல்கிறபடி செய்தால்தான் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். மூவரும் ஆளுக்கொரு கால்வாசி உண்மையைச் சொல்லி உங்களைக் குழப்பியிருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘லாக்குடன், ஒரு கணினிக்கு, 1’ என்று கையால் எழுதி, கடை முத்திரை போட்டிருக்கிறார்கள். வாங்கியவர் என்ற இடத்தில் உங்கள் கணவரின் பெயர் இல்லை, சென்டரின் பெயர் இருக்கிறது. இதைப் பார்த்துப் பயந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். பயம் வேண்டாம். ஒரே ஆள் நடத்திய தனிநபர் கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. கடை என்றால் அவர்தான். அவருடைய சொத்தும் கடையின் சரக்கும் வாரிசுகளுக்குச் சேர்கிற மாதிரியே அந்தப் பிரதியும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டியோடு வந்த உரிம ஒப்பந்தத்தாள் கிடைத்தால், வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்ற நிபந்தனை உண்டா என்று மட்டும் பாருங்கள். வாரிசுச் சான்றிதழின் நகலொன்றை பில்லோடு சேர்த்து வையுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் பயன்படுத்துகிற சொல் ‘முதலில் வாங்கியவர்’ என்பதில்லை, ‘சட்டப்படி வைத்திருப்பவர்’ என்பதுதான். இந்தச் சொல்லுக்கு மறுபடியும் வருவேன்.

புதுக் கணினிக்கு லாக் ஏன் தெரியவில்லை?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும். அந்தக் காலத்து லாக், பிரிண்டர் கேபிள் மாட்டுகிற, 25 ஊசி கொண்ட பேரலல் போர்ட்டில் உட்காரும். மென்பொருள் திறக்கும்போது அந்தப் போர்ட்டின் முகவரிக்கு, பெரும்பாலும் 378 என்ற இடத்துக்கு, ஓர் எண்ணை அனுப்பும். லாக்குக்குள் இருக்கும் சில்லு கணக்குப் போட்டு வேறோர் எண்ணைத் திருப்பி அனுப்பும். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். நீங்கள் வாங்கிய 400 ரூபாய் கேபிள் பிரிண்டருக்காகச் செய்தது. அது கணினியிடம் தன்னை ஒரு யு.எஸ்.பி. பிரிண்டராகத்தான் அறிமுகம் செய்துகொள்ளும், 378 என்ற வாசலைக் கட்டித் தராது. மென்பொருள் இல்லாத வாசலைத் தட்டிவிட்டு ‘லாக் இல்லை’ என்று திரும்புகிறது. லாக் பழுதாகிவிட்டதாக நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நன்றாகவே இருக்கக்கூடும்.

இரண்டாவது சிக்கல் விண்டோஸ். லாக்கோடு விண்டோஸ் பேசுவதற்கு டிரைவர் என்ற இடைநிரல் ஒன்று வேண்டும். உங்கள் எக்ஸ்பி கணினியில் இருந்தது 32 பிட் டிரைவர். விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும்தான். அதன் உள்கட்டில் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது, 64 பிட் டிரைவருக்கும் முறையான கையொப்பம் இருக்க வேண்டும். சில பழைய மென்பொருள்களின் நிறுவல் நிரலே 16 பிட், அதை 64 பிட் விண்டோஸ் தொடக்கூடச் செய்யாது. ஆகவே புதுக் கணினியில் ஒரு பேரலல் போர்ட் கார்டு வாங்கிப் போட்டாலும் வேலை முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

இந்தத் தொல்லை சிறு கடைகளுக்கு மட்டும் வந்ததில்லை. குறுந்தகடுகளில் வந்த கணினி விளையாட்டுகளுக்கு சேஃப்டிஸ்க் என்றொரு பூட்டு இருந்தது. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதென்று மைக்ரோசாஃப்ட் 2015இல் விண்டோஸ் 10இல் அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கியது. கடையில் காசு கொடுத்து வாங்கிய தகடுகள் திறக்காமல் போயின. பூட்டு போட்டவர்கள் யாரும் சாவியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

உங்கள் கொழுந்தனார் மகன் இரண்டு பிரிவுகளை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டான். பதிப்புரிமைச் சட்டம் 1957இல் 63பி என்று ஒரு பிரிவு உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். அவன் சொன்ன மூன்று வருடம் இதுதான். இது லாக்கைப் பற்றியதில்லை, திருட்டுப் பிரதியைப் பற்றியது.

லாக்கைப் பற்றியது 65ஏ. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்தது. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, ‘அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு’ தாண்டினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். மேற்கோள் குறிக்குள் நான் போட்ட சொற்கள்தான் உங்களுக்கு முக்கியம். அதே பிரிவின் இரண்டாவது பகுதி, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் தாண்டுவதை முதல் பகுதி தடுக்காது என்கிறது.

அப்படியானால் உங்கள் காரியம் தடை செய்யப்பட்டதா? இங்கேதான் 52(1)(ஏஏ) வருகிறது. மென்பொருளின் ஒரு பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவதற்காக, ‘அந்தப் பிரதியிலிருந்து’ நகலெடுப்பதும் மாற்றியமைப்பதும் மீறல் ஆகாது. தொலைந்துபோனால், அழிந்துபோனால் உதவட்டும் என்று தற்காலிகக் காப்பு நகல் எடுத்து வைப்பதும் ஆகாது. தமிழில் டைப்செட் செய்ய வாங்கினீர்கள், அதற்கே பயன்படுத்தப் போகிறீர்கள், ஒரே ஒரு கணினியில். உங்களிடமுள்ள அதே 2003ஆம் ஆண்டுத் தகட்டிலிருந்து, உங்கள் ஒரு கணினிக்காக, லாக் சோதனையைத் தாண்டும்படி மாற்றியமைத்தால் அது குற்றமாகாது என்பது என் கருத்து. இதை முழு நம்பிக்கையோடு நீதிமன்றத்தில் வாதாடுவேன். ஆனால் வாதம் வாதம்தான், வரம் இல்லை. எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தைக் காட்டி நஷ்டஈட்டு வழக்குப் போடலாம், நீங்கள் பதில் சொல்ல நேரலாம். இறந்துபோன நிறுவனம் உங்களைத் தேடி வருமா என்று கேட்டால், வாய்ப்பு மிகக் குறைவு.

அமெரிக்காவில் இந்தச் சங்கடத்தைப் பெயர் சொல்லியே தீர்த்துப் பார்த்தார்கள். அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் தாண்டுவதை நம்மைவிடக் கடுமையாகத் தடுக்கிறது. ஆனால் பழுதான, வழக்கொழிந்துபோன டாங்கிள் (நாம் லாக் என்பது) காரணமாகத் திறக்காத மென்பொருளுக்கு 2003இல் தனி விலக்கு கொடுத்து, 2006, 2010 சுற்றுகளிலும் அதைத் தொடர்ந்தார்கள். உற்பத்தி நின்றுபோனாலோ, மாற்றோ பழுதுபார்ப்போ கிடைக்காவிட்டாலோ டாங்கிள் வழக்கொழிந்தது என்று விளக்கமும் சொன்னார்கள். அந்த விலக்கு நமக்குச் செல்லாது. இப்படியொரு நியாயத்தை உலகில் நீங்கள் ஒருவர்தான் கேட்கவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கம்பெனி இல்லாவிட்டால் பொதுச்சொத்தா?

இல்லை. ‘யாரு கேக்கப் போறா’ என்பது சட்டமாகாது. நிறுவனம் மூடினாலும் பதிப்புரிமை ஆவியாகிவிடாது. மூடுவதற்கு முன்பே வேறொருவருக்கு விற்றிருக்கலாம், எழுதிய பொறியாளரிடமே இருக்கலாம். உரிமையாளர் தானாக விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கும் 21ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மென்பொருளை நம் சட்டம் இலக்கியப் படைப்பாகத்தான் பார்க்கிறது. தனிநபர் எழுதியதென்றால் அவர் காலம் முடிந்தும் 60 ஆண்டு. இருபது வருடப் பழையது என்ற கணக்கு இங்கே எடுபடாது.

அதனால் தம்பி சொன்னதில் எது ஆபத்து என்று பாருங்கள். ‘புது வெர்ஷனே போட்டுத் தர்றேன்’ என்றாரே, அது. அந்தப் புது வெர்ஷனை நீங்கள் வாங்கியதே இல்லை. அது உங்கள் பிரதியிலிருந்து வந்ததும் இல்லை. எங்கிருந்தோ இறக்கிய திருட்டுப் பிரதி. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 63பி நேராக உங்கள் கடை வாசலில் வந்து நிற்கும், கையில் 2003 பில் இருப்பது துணைக்கு வராது. இன்னொன்று, பூட்டைத் தாண்ட உதவுகிறவர் யாருக்கு, எதற்காக உதவினார் என்று பெயர், முகவரியோடு முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. தம்பியிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். கொடுக்க மாட்டார். அவர் போடும் நிரலுக்காக விண்டோஸின் பாதுகாப்புகளை அணைத்தும் வைப்பார். நீங்கள் ஜி.எஸ்.டி. கட்டுவதும் வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதே கணினியில்தானே?

எதிர்க்கடைக்காரர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கூடாது. உங்கள் பில் ஒரு கணினிக்கு. அவருக்குக் காப்பி கொடுத்த நிமிடம் உங்கள் நல்லெண்ணம் போய்விடும். ‘மீறும் நோக்கம் இல்லை’ என்று நான் மேலே கட்டிய வாதம் முழுக்கச் சரிந்துவிடும். பதிப்புரிமை மீறலுக்கான 63ஆம் பிரிவுக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிச் செலவு 1,750 ரூபாய். அந்தக் காசுக்கு இந்த வம்பு எதற்கு?

முதலில் பெட்டி, அடுத்து கோப்புகள்

லாக்கை உடைப்பதைப் பற்றியே எல்லாரும் பேசியிருக்கிறார்கள். பழைய கணினியை யாராவது திறந்து பார்த்தார்களா? கடிதத்தில் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், ‘டப்’ என்ற சத்தம், கருகிய வாடை, பின்பக்க விசிறி ஓரத்தில் புகை என்பதெல்லாம், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போன மாதிரி இருக்கிறது. அது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். நான் வக்கீல், மெக்கானிக் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு பெட்டி எங்கள் அலுவலகத்திலும் உண்டு. பழைய வழக்குகளின் தமிழ் மனுக்கள் எல்லாம் அதில்தான். என் குமாஸ்தா அதை ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துடைத்துப் பொட்டு வைப்பார், வேறு யாரையும் தொட விட மாட்டார். அதற்கு இதுவரை இரண்டு எஸ்.எம்.பி.எஸ். மாற்றியாகிவிட்டது.

புது எஸ்.எம்.பி.எஸ். போட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, பழைய வகை டிஸ்கை மாட்ட உதவும் ஐ.டி.இ. அடாப்டர் வைத்து வேறொரு கணினியில் முழுப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். இருபது வயதான டிஸ்க் அது, எப்போது வேண்டுமானாலும் நிற்கும். மதர்போர்டில் உருளையான கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். போர்டே போயிருந்தால், பேரலல் போர்ட் உள்ள பழைய கணினி சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையில் பழைய கணினி விற்பவர்களிடமோ கிடைக்கும். பின்பக்கம் போர்ட் தெரியாவிட்டாலும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பல போர்டுகளில் அதற்கான ஊசி வரிசை உள்ளேயே இருக்கும். ஒரு பட்டைக் கேபிள் வாங்கிச் செருகினால் போதும். அதில் 32 பிட் விண்டோஸ் போட்டு, உங்கள் தகட்டையும் உங்கள் லாக்கையும் வைத்து ஓட்டினால் சட்டக் கேள்வியே எழாது. எதையும் உடைக்கவில்லையே. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது, ஆகவே அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் இணைப்பு மட்டும் கூடாது.

இதற்கிடையில் விற்ற நிறுவனத்தையும் ஒருமுறை முறைப்படி தேடுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் அது நடப்பில் உள்ளதா, நீக்கப்பட்டதா, வேறொன்றோடு இணைந்ததா என்று காட்டும். பதிவான முகவரிக்கு, லாக் இல்லாத பதிப்போ மாற்று லாக்கோ தரும்படி ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வந்தால் நல்லது. கடிதம் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள், நாளைக்கு அதுவே உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. லாக்கின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் படியுங்கள். லாக் செய்தவர் வேறு, மென்பொருள் செய்தவர் வேறு. பல லாக் நிறுவனங்கள் கைமாறி இன்றும் நடக்கின்றன. ஹாஸ்ப் என்ற இஸ்ரேல் நாட்டு லாக் சேஃப்நெட், ஜெமால்டோ என்று கைமாறி இன்று தேல்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் சில பழைய லாக்குகளுக்கு 64 பிட் டிரைவரை இலவசமாகவே தருகிறார்கள்.

ஆனால் அம்மா, பெட்டி ஓடத் தொடங்கியதும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது மென்பொருளா, அதற்குள் கிடக்கும் இருபது வருட எழுத்தா? அந்த எழுத்து உங்களுடையது, அந்தப் புலவர்களுடையது. மென்பொருள்காரருக்கு அதில் பங்கில்லை. அதை வேறு குறியேற்றத்துக்கு, அதாவது எழுத்தைக் கணினி சேமிக்கும் வேறு முறைக்கு, மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழை உட்கார வைத்தவை. அவற்றில் ஒன்றான பாமினி முறையில் ‘தமிழ்’ என்று அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பாமினி ஒருவிதம், 1999 தமிழ்நெட் மாநாட்டில் வந்த டாம், டாப் குறியேற்றங்கள் வேறுவிதம். தமிழக அரசே 2010இல், எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு வந்துவிட்டது.

பழைய பெட்டி ஓடும்போதே ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எழுத்தை, வேறு மென்பொருள்களும் திறக்கும் ஆர்.டி.எஃப். கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு புதுக் கணினியில் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் யூனிகோடாக மாற்றலாம். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியிருந்தால் அதை இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளின் சி.எஸ்.6 பதிப்பு வரைதான் திறக்கும், பிந்தையவை திறக்காது. ஆகவே பக்க அமைப்புக்கு ஒரு பி.டி.எஃப்.பும் எடுத்து வையுங்கள். கவிதைத் தொகுப்புகளை முதலில் முடியுங்கள். மறுபதிப்புக்கு அவை திரும்ப வரும், பழைய கல்யாணப் பத்திரிகையை யாரும் கேட்டு வர மாட்டார்கள். தினம் இரண்டு கோப்பு என்று வைத்தாலும் ஒரு வருடத்தில் எழுநூறைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு லாக் செத்தாலும் கடை நிற்காது.

அதுவரை லாக்கைக் கழற்றுவதாக இருந்தால் கணினியை முழுதாக அணைத்து, இருபக்கத் திருகையும் தளர்த்திவிட்டு, ஆட்டாமல் நேராக இழுங்கள். ஊசி ஒன்று வளைந்தாலும் மாற்று கிடைக்காது. பில், வாரிசுச் சான்றிதழ், மென்பொருள் தகடு எல்லாவற்றோடும் அதையும் ஒரே டப்பாவில் போட்டு பீரோவில் வையுங்கள். தம்பி மறுபடி வந்தால் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற மட்டும் கூலி கொடுங்கள்.